அம்புரோஸ் தவளையும் அணில் வீட்டு வடகமும்

ஒரு காட்டில், வளையும் பொந்தும் சேர்த்து இருபது வீடு தேறாத சின்னக் காட்டில், பிலோமினா என்றொரு அணில் இருந்தாள். அவள் மகள் செலினுக்கு மசக்கை. எதைத் தின்றாலும் வாந்தி. அம்மா போட்ட கூழ்வடகம் மட்டும்தான் வயிற்றில் தங்கும். சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். டப்பாவிலோ ஒரு வடகம்கூட இல்லை.

அந்தக் காட்டில் நல்ல வெயில் விழுவது ஒரே ஒரு பாறையில். அதில் எதைக் காயப்போடுவதானாலும் சூசை என்ற குரங்கிடம் படிவம் கொடுக்க வேண்டும், இரண்டு பிரதி. வானிலை சொல்வது அம்புரோஸ் என்ற தவளையின் உத்தியோகம். காலை ஆறு மணிக்கு எல்லார் போனிலும் அவர் செய்தி வந்து விழும். போன் வாங்கிய நாளிலிருந்து அங்கே ஒருவரும் தலை தூக்கி வானத்தைப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை வெயில் என்றார். பிலோமினா கூழ் கிண்டி, படிவம் நிரப்பி, வரிசையில் நின்று, பாறையில் துணி விரித்துப் பிழிந்து முடித்தாள். கொட்டியது பாருங்கள் மழை. வடகம் மறுபடி கூழாகி ஓடையோடு போயிற்று. செவ்வாய்க்கிழமை மழை என்றார். காடே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, இதென்ன இப்படிப் புழுங்குகிறது என்று விசிறிக்கொண்டது. புதன்கிழமை வெயில் என்றார். மறுபடி கூழ், மறுபடி வரிசை, மறுபடி ஓடை.

"படிவத்துல வெயில்னுதானே போட்டிருக்கு, நான் என்னம்மா செய்ய?" என்றான் சூசை, குடைக்குள் நின்றபடி.

வியாழக்கிழமை மழை என்று செய்தி. பொந்துக்குள் சும்மா கிடந்த பிலோமினாவின் மூக்கில் சுள்ளென்று ஒரு கீற்று வெயில் விழுந்தது. எட்டிப் பார்த்தாள். வானத்தில் பேருக்கு ஒரு மேகம் இல்லை. பாறையில் சூசையும் இல்லை, வரிசையும் இல்லை. என்ன பிரயோஜனம், அரிசி ஊறப்போடவில்லையே.

சாயங்காலம் அரிசியை ஊறப்போட்ட கையோடு குளத்தங்கரைக்கு ஓடினாள். அம்புரோஸ் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டுத் தன்னை வேலையை விட்டுத் தூக்கப்போகிறார்களாம். நாளைக்காவது எறும்புகளிடம் கேட்டுச் சரியாகச் சொல்லப்போகிறாராம்.

பிலோமினா குறுக்கே பாய்ந்தாள்.

"அண்ணே, யார்கிட்டயும் கேக்காதீங்க. உங்க வாயால கனமழைன்னு சொல்லிடுங்க."

"எதை வெச்சும்மா சொல்லச் சொல்றே?"

"உங்க மேல இருக்கிற நம்பிக்கையை வெச்சுத்தான்."

இத்தனை வருஷ சர்வீஸில் அந்த வார்த்தையை அவரிடம் யாரும் சொன்னதில்லை. ஏற்கெனவே பிதுங்கிய கண், இப்போது நிறைந்தும் விட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கனமழை, யாரும் வெளியே தலைகாட்ட வேண்டாம் என்று செய்தி வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. படிவமில்லை, வரிசையில்லை, முழுப் பாறையும் பிலோமினாவுக்கு. அஸ்தமிப்பதற்குள் வடகம் கலகலவென்று காய்ந்துவிட்டது. சனிக்கிழமை செலின் வந்தாள், ஒரு தட்டுத் தின்றாள், வாந்தியெடுக்காமல் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அம்புரோஸை அனுப்பிவிட்டு எறும்புகளை வைக்கலாம் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். எறும்புகள் சொன்னால் தப்பவே தப்பாது. பிலோமினாவுக்குக் கண்ணெதிரே வந்து நின்றது: நல்ல வெயில், மொத்தக் காடும் பாறையில், தான் பத்தொன்பதாவது ஆள். அவள் எழுந்துபோய்ப் பொரித்த வடகத்தைக் கூடையோடு சுற்றுக்கு விட்டாள். வாய் நிறைந்ததும் கூட்டத்தின் கோபம் இறங்கிற்று. அம்புரோஸுக்கு இரண்டு வருஷம் பணி நீட்டிப்பு.

இப்படி மழை பெய்த வாரத்தில் வடகம் எப்படி இவ்வளவு மொறுமொறுப்பாகக் காய்ந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நீதி: தினம் தவறாமல் தப்பாகவே சொல்பவரை வேலையை விட்டுத் துரத்தாதீர்கள். எப்போதாவது சரியாகச் சொல்லித் தொலைப்பவரை நம்பித்தான் ஒரு வடகம்கூடப் போட முடியாது.