பல்லை வெயிலில் காயவைத்த கதை

எனக்குப் பயம் என்பதே கிடையாது. (பொய். பல் டாக்டரின் நாற்காலி சாய்ந்ததுமே மாதாவை ரெண்டு தடவை கூப்பிட்டுவிட்டேன்.)

கிழிந்த வலையைக் கட்டிக்கொண்டிருந்தேன். கத்தி எடுக்கச் சோம்பேறித்தனம், நைலான் நூலைப் பல்லால் கடித்தேன். நூல் அறவில்லை, முன்பல் முனை போய்விட்டது. அன்று சாயங்காலம்தான் தங்கச்சிமடத்துக்கு, எங்கள் வீட்டுக்கு, பெண்வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள். ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

டாக்டரம்மா பிசின் மாதிரி எதையோ துளியூண்டு அப்பி, நீல வெளிச்சம் அடித்தார். மறுபடி துளி, மறுபடி வெளிச்சம்.

"மொத்தமா அப்பி ஒரே அடியா அடிச்சிர வேண்டியதுதான டாக்டர்?"

"வெளிச்சம் ஆழமாப் போகாதுப்பா. மேல கல்லா இருக்கும், உள்ள களியாக் கிடக்கும். இப்பவே இறுகிருச்சு. ஆனா முழு பலம் வர ஒரு நாள் ஆகும்."

அந்த 'ஒரு நாள்' மட்டும் என் மண்டையில் ஏறியது. ஃபைபர் படகில் ஓட்டை விழுந்தால் நாங்களும் பிசின்தான் பூசுவோம். நாள் முழுக்க வெயிலில் போட்டால்தான் நம்பிக் கடலில் இறக்குவோம். அப்படியிருக்க, கண் சிமிட்டும் நேரம் அடித்த லைட்டை எப்படி நம்புவது? பெண்வீட்டார் முன்னால் சிரிக்கும்போது பல் பெயர்ந்து மிக்சர் தட்டில் விழுந்தால்?

மத்தியானம் கரையில், என் படகோரம், சூரியனைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றேன். நாக்கு கருவாடானது. ஈ ஒன்று உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தது.

"தம்பி, இந்தப் படகு யாருது?"

திரும்பினால், போட்டோவில் பெண்ணோடு நின்ற அவள் அய்யா! மாப்பிள்ளையின் படகை நோட்டம் விட முன்னாடியே வந்துவிட்டார். வாயை மூடினால் பல் காயாதே!

"ஆ... ஆ..." என்று என் நெஞ்சைத் தட்டிக் காட்டினேன்.

"நீதான் மாப்பிள்ளையா? வாய் பேச வராதாப்பா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். (அப்போதைக்குப் பல்தான் முக்கியம்.)

அவர் நேரே போய் மகளுக்குப் போன் போட்டாராம். "பயலுக்குப் பேச்சு வராது போலத்தா. வேணாம்னு சொல்லிருவமா?"

"ஏன் வேணாங்கிறீக? எதுத்துப் பேச மாட்டாருல்ல. பேசி முடிங்க."

சாயங்காலம் நான் உள்ளே வந்து "வாங்க மாமா" என்றதும் அவருக்குக் கையிலிருந்த காபி சிந்திவிட்டது. வெயிலே வேண்டியதில்லை, வாயை மூடிக் கிடந்தாலும் பலம் தானாக ஏறும் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். பல் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. மாமனார் வீட்டுப் பந்தியில் நான் இன்றைக்கும் 'ஊமை மாப்பிள்ளை'. கல்யாணத்தன்று மாதா கோயிலில் சாமியார் "சம்மதமா?" என்று கேட்டபோது நான்...

"ஏங்க! பேச்சு வராதுன்னு நம்பித்தான கழுத்த நீட்டுனேன்? மீனுக்கு ஐஸ் வண்டி வந்து நிக்கிது, வாயை மூடிக்கிட்டு வாங்க!"

வாரேன், வாரேன்.