வெளிநாட்டு நிபுணருக்கு வியர்க்கக் கூடாது

ஒரு காட்டில் திடீரென்று எல்லாம் வளர ஆரம்பித்தன. மரங்கள் முன்பும் வளர்ந்துகொண்டுதான் இருந்தன. அதை யாரும் வளர்ச்சியாக எண்ணவில்லை. இப்போது வந்த வளர்ச்சி வேறு. மான்கள் தண்ணீர் குடிக்கப் போகும் தடத்தில் நாலுவழிச் சாலை வந்தது. மூங்கில் புதர் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் வந்தது. "இனிமேல் இது வெறும் காடு இல்லை, வளரும் காடு" என்று யானை மேடையேறிப் பேசியது. அந்தப் பேச்சு கடல் தாண்டிப் போய், பனியைத் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு தேசத்திலும் கேட்டது.

அந்தத் தேசத்தில் ஓர் இளம் பென்குயின் இருந்தது. அதன் குடும்பத்தில் அதுதான் முதல் பட்டதாரி. அதன் அப்பாவும் அம்மாவும் முட்டையைக் காலில் வைத்துக்கொண்டு, பனிக்காற்றில் மாதக்கணக்காக நின்றே வாழ்ந்தவர்கள். பிள்ளையாவது உட்கார்ந்து வேலை பார்க்கட்டும் என்று அதைப் படிக்க வைத்தார்கள். அது குளிர்பதனப் பொறியியல் படித்தது. பட்டம் வாங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. பனி தேசத்தில் எதையும் குளிரவைக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

"வெயில் அடிக்கிற ஊருக்குப் போ. உன் படிப்பு அங்கேதான் விலைபோகும்" என்று அப்பா சொன்னது. பென்குயின் காட்டு மொழியைப் புத்தகம் வைத்துக் கற்றுக்கொண்டு கப்பல் ஏறியது.

காட்டின் எல்லையில் குடிவரவு அதிகாரியாக ஒரு முள்ளம்பன்றி உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் போய்ப் பேச எல்லோரும் தயங்குவார்கள் என்பதால் வேலை அமைதியாக நடந்தது.

"வேலை இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"இல்லை ஐயா. தேடுவதற்காகவே வந்துள்ளேன்."

"வேலை இருந்தாத்தான் தங்க முடியும்."

"தங்கினால்தானே ஐயா வேலை தேட முடியும்?"

"அதையேதான் எல்லாரும் கேக்குறாங்க" என்று முள்ளம்பன்றி தலையாட்டியது. "மழை ஆரம்பிக்கிற வரைக்கும் இருந்துக்கோங்க. அதுக்குள்ள ஒரு முதலாளி உங்களோட இங்க வந்து, 'இந்த வேலைக்கு இந்தக் காட்டுல ஆளே இல்லை'ன்னு சொல்லணும். வரலைன்னா நீங்க கப்பல் ஏறிடணும்."

பென்குயின் கண்ணாடிக் கட்டடங்களில் ஏறி இறங்கியது. எங்கும் மரியாதையாகவே நடத்தினார்கள். இளநீர் கொடுத்தார்கள். சான்றிதழை வாங்கிப் பார்த்து, "பிரமாதம்" என்றார்கள். கடைசியில், "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். அந்தக் காட்டில் 'இல்லை' என்ற சொல்லை நேரில் சொல்வது நாகரிகம் இல்லை. பென்குயினின் புத்தகத்தில் இது எழுதியிருக்கவில்லை. எனவே, சொல்லி அனுப்பப்படுகிறவர் தன்னைத் தேடி அலையக் கூடாதே என்று, அது ஆற்றங்கரையில் ஒரே மருதமரத்தடியில் நகராமல் உட்கார்ந்திருந்தது.

அதே மரத்தடியில் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.

"யாருக்காக வெயிட் பண்றீங்க பிரதர்?"

"பல நிறுவனங்கள் சொல்லி அனுப்புவதாகக் கூறியுள்ளன."

நீர்க்காகம் விரித்த இறக்கையை ஒருமுறை உதறிக்கொண்டது. பிறகு, "எனக்கும் சொல்லி அனுப்புறதா சொன்னாங்க. அப்ப நான் முட்டையிலேர்ந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துச்சு" என்றது. "என்ன படிச்சிருக்கீங்க?"

"குளிர்பதனப் பொறியியல்."

"அட, நானும் அதேதான்."

இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் ஆற்றைப் பார்த்தன. பென்குயினுக்குச் சங்கடமாகிவிட்டது.

"நான் உங்கள் வேலையைப் பறிப்பதற்காக வரவில்லை" என்றது.

"இருந்தாத்தானே பிரதர் பறிக்கிறதுக்கு" என்று நீர்க்காகம் மற்ற இறக்கையை விரித்தது. "அந்தப் பக்கம் பாருங்க. நீர்நாய் முதலாளி மீனுக்குக் குளிர்கிடங்கு கட்டியிருக்காரு. நான் நடையா நடந்தேன். உள்ளூர் ஆளை வெச்சா வாங்குறவன் மதிக்க மாட்டான்னு சொல்லிட்டாரு. நீங்க போய்க் கேளுங்க. அவர் கண்ணுக்கு நீங்க ரொம்ப அழகா இருப்பீங்க."

பென்குயின் போனது. நீர்நாய் முதலாளி சான்றிதழைத் தொடவே இல்லை. பென்குயினின் வெள்ளை வயிற்றையே பார்த்தது.

"அசல் பென்குயினா நீங்க?"

"ஆம் ஐயா."

"கொஞ்சம் நடந்து காட்டுங்க."

பென்குயின் தத்தித் தத்தி நடந்தது. முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களுக்குத்தான் வேலை" என்றது.

"மிக்க நன்றி ஐயா. என் பணி என்ன?"

"நிக்கிறது."

பென்குயினுக்கு அப்பாவின் நினைவு வந்தது.

முதலாளி பொறுமையாக விளக்கியது. மீன் வாங்குவது கொக்குக் கம்பெனி. கிடங்கு வாசலில் ஒரு பென்குயின் நின்றால், உள்ளே பனி பொழிகிறது என்று கொக்குகள் நம்பிவிடும். கதவைத் திறந்து பார்க்காது. வேலைக்கு விதிகளும் இருந்தன. பேசக் கூடாது, பேசினால் மதிப்பு இறங்கிவிடும். சுமை தூக்கும் குரங்குகளோடு சேர்ந்து சாப்பிடக் கூடாது. முக்கியமாக, வியர்க்கக் கூடாது.

அன்றே முதலாளி அதை முள்ளம்பன்றியிடம் அழைத்துப் போனது. "இந்த வேலைக்கு இந்தக் காட்டுல ஆளே இல்லைங்க."

"என்ன வேலை?"

"பென்குயினா நிக்கிறது."

முள்ளம்பன்றி யோசித்துப் பார்த்தது. உண்மைதான். இந்த வேலை இருக்கும்வரை தங்கலாம் என்று முத்திரை குத்தியது.

பென்குயின் ஊருக்குத் தகவல் அனுப்பியது: "வேலை கிடைத்துவிட்டது. என்னை நிபுணர் என்று அழைக்கிறார்கள்." இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்று இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் அனுப்பியது.

வாசலில் நிற்பது கஷ்டமாக இல்லை. பின்னாலிருந்து வந்த வாடைதான் கஷ்டமாக இருந்தது. கிடங்குக்குள் குளிர் இல்லை. இயந்திரம் சத்தம் மட்டும் போட்டது. உள்ளே மீன்கள் மெதுவாக வேறொன்றாக மாறிக்கொண்டிருந்தன. படித்த படிப்பு பென்குயினின் முதுகைச் சுரண்டியது. ஒரு நாள் முதலாளி இல்லாதபோது அது உள்ளே போய் இயந்திரத்தைத் திறந்து பார்த்தது. குழாயில் ஓட்டை. வாயு எல்லாம் எப்போதோ வெளியேறியிருந்தது.

அதற்குப் பிறகு கொக்குகள் வராத நேரங்களில் அது இயந்திரத்துக்கு அடியில் படுத்துக் கிடந்தது. குரங்குகள் கூடமாட உதவின. கூடவே புத்தகத்தில் இல்லாத மொழியையும் கற்றுக்கொடுத்தன. குழாயின் ஓட்டை அடைபட்டது, வாயு ஏறியது, கிடங்கு குளிர்ந்தது. மீன்கள் மீன்களாகவே இருந்தன. பென்குயின் அந்தக் காட்டுக்கு வந்த பிறகு முதன்முறையாக மகிழ்ச்சியாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கொக்குக் கம்பெனியின் பெரிய கொக்கு சொல்லாமல் கொள்ளாமல் முதலாளியோடு உள்ளே வந்தது. இயந்திரத்துக்கு அடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அண்ணே, அந்த வால்வை இன்னும் ஒரு சுத்து இறுக்குங்க. அப்படியே டீ சொல்லிடுங்க. எனக்குச் சக்கரை தூக்கலா."

குரலைத் தொடர்ந்து பென்குயின் வெளியே வந்தது. நெஞ்செல்லாம் கிரீஸ். கையில் ஸ்பேனர்.

"யாரு இது?" என்றது பெரிய கொக்கு.

"எங்க வெளிநாட்டு நிபுணர்" என்றது முதலாளி, குரல் உள்ளே போக.

கொக்கு ஒற்றைக் காலில் நின்று யோசித்தது. "நிபுணர் ஸ்பேனர் பிடிப்பாரா? குரங்கை அண்ணேன்னு கூப்பிடுவாரா? நம்ம பேச்சைப் பேசுது, டீ குடிக்குது, வேலையும் தெரியுது. இது உள்ளூர் நீர்க்காகம் முதலாளி. நெஞ்சுல சுண்ணாம்பு அடிச்சிருக்கு. பாருங்க, கறுப்பு வெளிய தெரியுது."

"நான் பென்குயின்தாங்க" என்றது பென்குயின்.

"கேட்டீங்களா? வெளிநாட்டுக்காரனுக்கு இப்படி வாயில வருமா?"

முதலாளி பதறிப்போய் உள்ளறைக் கதவைத் திறந்தது. ஜில்லென்று காற்று வந்து கொக்கின் முகத்தில் அடித்தது. "பாருங்க ஐயா, எவ்வளவு குளிர்ச்சின்னு."

"இதுவரைக்கும் திறந்து காட்டாத கதவை இப்ப எதுக்குத் திறந்து காட்டுறீங்க?" என்று கேட்டுவிட்டுக் கொக்கு பறந்து போனது.

அவ்வளவு பெரிய கம்பெனி தவறாகச் சொல்லுமா என்று முதலாளிக்கும் தோன்ற ஆரம்பித்தது. அதுவரை 'நீங்க' என்று பேசியது, "ஏம்பா, என்னையே ஏமாத்திட்டியே நீ" என்றது. அன்றே பென்குயினை வேலையிலிருந்து நிறுத்தியது.

மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. வேலை இல்லாமல் ஒளிந்து திரிய பென்குயினுக்கு மனம் வரவில்லை. ஒரே பிள்ளையைப் படிக்கவைத்த வீட்டுக்குத் திரும்பிப் போய், கையை விரித்து நிற்க வேண்டும். ஆனாலும் தானே முள்ளம்பன்றியிடம் போனது.

"வேலை போயிடுச்சு ஐயா. கப்பல் எப்பன்னு சொல்லுங்க."

முள்ளம்பன்றி அதை மேலும் கீழும் பார்த்தது. "நீதானா அது? நீர்நாய் முதலாளி எல்லாம் சொன்னாரு. உள்ளூர்க்காரனைக் கப்பல்ல ஏத்த எனக்கு ஏதுப்பா அதிகாரம்?"

"நான் உண்மையிலேயே பென்குயின் ஐயா. வீடு பனி தேசத்துல இருக்கு."

"எல்லாருக்கும் வெளிநாடு போற ஆசை இருக்குப்பா. அதுக்காகச் சர்க்கார் கப்பல்ல ஓசியில ஏறப் பாக்குறியா? போய்ப் பிழைக்கிற வழியப் பாரு."

பென்குயின் மருதமரத்தடிக்குத் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னது. நீர்க்காகம் முழுவதும் கேட்டது. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"பிரதர், தப்பா நினைக்காதீங்க. இப்ப அவருக்கு வாசல்ல நிக்க ஒரு ஆள் வேணுமில்ல? நான் போகட்டுமா? வேண்டாம்னா போகல."

"அது பொய் இல்லையா?"

"நான் பென்குயின்னு வாயைத் திறந்து சொல்ல மாட்டேன். பேசக் கூடாதுங்கறது வேலையோட விதிதானே?"

பென்குயின் நெடுநேரம் யோசித்தது. சுண்ணாம்பைத் தன் கையால் பூச அதற்கு மனம் ஒப்பவில்லை. நடையை மட்டும் சொல்லிக்கொடுத்தது. "முழங்கால்னு ஒண்ணு இருக்கறதையே மறந்துடுங்க."

நீர்க்காகம் தானே நெஞ்சில் சுண்ணாம்பு பூசிக்கொண்டு விறைப்பாக நடந்து போனது. எதைக் கேட்டாலும் பதில் சொல்லாமல் தூரத்தைப் பார்த்தது. பெரிய கொக்கு நேரில் வந்து பார்த்து, "இதுதான் அசல். முகத்துலயே எவ்வளவு திமிரு பாருங்க" என்று மெச்சியது. முள்ளம்பன்றி முத்திரை குத்தியது.

முதல் மழை பெய்த வாரத்தில் இயந்திரம் மறுபடி பழுதானது. குளிர்ந்த மீனுக்குப் பழகிப்போன கொக்குகள் இந்த முறை முகம் சுளித்தன. முதலாளி குடையோடு மருதமரத்தடிக்கு வந்து நின்றது.

"ஏம்பா, உனக்கு அந்த மெஷின் வேலை கைவந்திருக்கு. மெக்கானிக்கா வர்றியா? உள்ளூர் சம்பளம்தான். வாசப்பக்கம் மட்டும் தலை காட்டாத."

"வர்றேன் முதலாளி. ஆனா நான் பென்குயின். அது தெரிஞ்சு எடுத்துக்கோங்க."

"சரி சரி, அந்தக் கதைய விடுப்பா. காலைல வந்துடு."

இப்படியாகப் படித்த இருவருக்கும் காட்டில் வேலை கிடைத்தது. நீர்க்காகம் வாசலில் நிபுணராக நின்றது. பென்குயின் உள்ளே, குளிரில், ஒரு மீன்பெட்டியின் மேல் உட்கார்ந்து குளிர்பதனப் பொறியியல் பார்த்தது. யாரும் இல்லாதபோது இரண்டும் கதவிடுக்கு வழியாகப் பேசிக்கொண்டன.

"உள்ள எப்படி இருக்கு பிரதர்?"

"எங்க ஊர் மாதிரியே இருக்கு. அங்க?"

"சுண்ணாம்பு அரிக்குது. சொறிஞ்சா வேலை போயிடும்."

"கொஞ்சம் பொறுங்க. கொக்கு போனதும் நானே வந்து சொறிஞ்சு விடுறேன்" என்றது பென்குயின்.

நீதி: வெளிநாட்டில் வேலை தேடுகிறவர்கள் தங்கள் திறமையை மறைத்து வைக்க வேண்டும். அது வெளியே தெரிந்தால் உள்ளூர்க்காரர் என்று முடிவுகட்டி, சம்பளத்தைக் குறைத்து, படித்த வேலையையே கொடுத்துவிடுவார்கள்.