கள்ளொழிப்புச் சங்கத்துத் தேன் பானகம்

எனக்குக் கல்யாணம் ஆனதற்குக் காரணம் என் அழகும் அல்ல, சம்பளமும் அல்ல. என் அரைகுறை இங்கிலீஷ். (அழகு என்ற சொல்லைக் கேட்டதும் என் மனைவி கமலம் திரும்பிப் பார்க்கிறாள்.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் ஒரு கள்ளொழிப்புச் சங்கம் நடத்தினோம். தலைவர் ஸ்டேஷன் மாஸ்டர் பொன்னுசாமி, கமலத்தின் அப்பா. காரியதரிசி நான். இரண்டு முறை பெண் கேட்டு ஆள் அனுப்பினேன். இரண்டு முறையும் "பார்க்கலாம்" என்றே பதில் வந்தது. ஆண்டுக் கூட்டத்தில் ஏதாவது சாதித்துக் காட்டி அவர் மனத்தைக் கரைத்தாக வேண்டும்.

அப்போதுதான் பெருங்காயம் மடித்து வந்த இங்கிலீஷ் பத்திரிகைத் தாளில், தேனில் செய்யும் 'மீட்' என்ற பானத்தின் செய்முறையைப் பார்த்தேன். அகராதியைப் புரட்டியிருக்கலாம். (காரியதரிசி அகராதி பார்ப்பதா? கௌரவம் என்ன ஆவது?) நம்ம பானகம் மாதிரிதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மலாய்க்காரர் ஒருவரிடம் காட்டுத் தேன் வாங்கி, தண்ணீரில் கரைத்து, உலர்ந்த திராட்சை போட்டு ஜாடியில் மூடி வைத்தேன். ஒரு மாதம் நுரைத்தது. சத்து இறங்குகிறது என்று பூரித்துப்போனேன். ருசியும் பார்த்தேன். கள்ளையே தொடாதவனுக்கு என்ன தெரியும்? நன்றாகத்தான் இருந்தது.

கூட்டத்தில் 'கள்ளுக்கு மாற்று' என்று அறிவித்து ஆளுக்கொரு தம்ளர் கொடுத்தேன். தலைவர் மூன்று தம்ளர் குடித்தார். குடியை விட்டுத் திருந்தியவர் என்று மேடையில் உட்காரவைத்திருந்த முனியாண்டி அண்ணன், ஒரு வாய் குடித்துவிட்டு என் காதருகே வந்தார்.

"தம்பி, இது இருக்குன்னு தெரிஞ்சிருந்தா கள்ளை அப்பவே விட்டிருப்பேன் லா."

'மீட்' என்பது பானகம் அல்ல, தேனைப் புளிக்கவைத்துச் செய்யும் மது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் பொருளாளர் கள்ளுக்கடைகளை மூடச் சொல்லும் தீர்மானத்தை ராகம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார். தலைவர் என் தோளில் சாய்ந்து விம்மி விம்மி அழுதார்.

"என் பொண்ணு உனக்குத்தான்டா. எழுதிக்க."

மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். ஏகமனதாக நிறைவேறியது.

மறுநாள் காலை, சிவந்த கண்களோடு அவர் வாசலில் நின்றார். தொலைந்தேன் என்று நினைத்தேன். புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"நிதானம் இல்லாம சொல்லியிருந்தீங்கன்னா அந்த வரியை அடிச்சிடலாம் ஐயா" என்றேன்.

கள்ளொழிப்புச் சங்கத் தலைவர் என்னை முறைத்தார். "நான் நிதானமாத்தான் இருந்தேன். நல்ல நாள் பாரு."

அடுத்த தை மாதம் கல்யாணம். இன்றைக்கும் வீட்டில் சண்டை வந்தால், பிள்ளைகள் முந்திக்கொண்டு சொல்லிவிடுமுன் கமலம் சொல்லிவிடுவாள்:

"எங்கப்பா அன்னிக்குக் குடிச்சிருந்தேன்னு ஒரு வார்த்தை ஒத்துக்கிட்டிருந்தா, நான் தப்பிச்சிருப்பேன்."