குளத்து மைனர்

குடியிருப்புக் குளத்தில் பட்டப்பகலில் நடந்ததைப் பார்த்துச் சங்கத் தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. பருத்த தண்ணிப்பாம்பு ஒன்று. அதைச் சுற்றிக் கயிற்றுப் பந்தாக ஏழெட்டுச் சின்னப் பாம்புகள்.

"ஒருத்தனுக்கு இத்தனை பொண்டாட்டியா? குடும்பம் நடத்துற இடத்துல இப்படி ஒரு மைனரா?"

ஆண்டு இறுதியில் தலைவர் தேர்தல். ஒழுக்கம் என்ற ஒரே சரக்கை விற்றுத்தான் அவர் இத்தனை வருஷமும் நாற்காலியைப் பிடித்து வைத்திருந்தார்.

முதல் வேலையாகக் குளத்தைச் சுற்றிப் பச்சைத் திரை கட்டினார். அதுவரை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் மாடிக்கு மாடி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"திரை போட்டப்புறம்தான் சார் கூட்டமே," என்றார் காவலாளி.

அடுத்து, காவலாளியை விட்டு வலை வீசி மைனரை மட்டும் பிடித்தார்; தம் குளியலறை டிரம்மில் போட்டு மூடினார். மறுநாள் காலை சின்னப் பாம்புகள் அத்தனையும் வாடை பிடித்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் வரிசை கட்டி நின்றன.

"பாவம், புருஷனைத் தேடி வந்திருக்குதுங்க," என்று உருகினார் தலைவர்.

"இப்படித் தேடுறதுக்கு அவன்கிட்ட என்னதான் இருக்கோ? நான் உங்களை ஒருநாளும் தேடினதில்லையே," என்றாள் மனைவி. "எங்கயாவது கொண்டுபோய் விட்டுத் தொலைங்க!"

விடலாமா என்று வனத்துறைக்குப் போன் போட்டுக் கேட்டது அடுத்த தப்பு.

"விட்டா கேஸ் சார். பிடிச்சதும் கேஸ்தான், அதை நேர்ல வந்து பேசிக்கலாம். அதுவரைக்கும் பத்திரமா வெச்சிருங்க."

வருகிறோம் என்றவர்கள் மாதக்கணக்கில் வரவில்லை. வாசலில் நின்றவை அலுத்துப்போய்க் குளத்துக்கே திரும்பின. மனைவி குளிக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். மைனர் மட்டும் தலைவர் செலவில் வேளை தவறாமல் மீன் தின்றான்.

"எப்படி ஊதிட்டான் பாரு! உடம்பு பூரா கொழுப்பு."

"உட்கார்ந்த இடத்துல தின்னா யாருக்கும் தொப்பை போடும். உங்களுக்குத் தெரியாததா?"

தேர்தல் கூட்டத்தன்றுதான் ஜீப் வந்தது. நல்ல நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள் என்று தலைவர் டிரம்மைக் கூட்டத்தின் நடுவிலேயே வைக்கச் சொன்னார்.

"நம்ம குளத்து மானத்தை வாங்கின பொம்பளைப் பொறுக்கி இவன்தான்! எத்தனை சம்சாரங்களை வாசல்ல நிக்க வெச்சான்! இவனை அடக்கின கைக்கே உங்க ஓட்டு!"

கைதட்டல் அடங்குமுன், ஜீப் டிரைவர் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு தலைவரின் அந்தக் கையையே பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள் சார். தாயும் சேய்களும் நலம்."