பரவைப் பொட்டலில் விழுந்த சடை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மதுரைச் சுவரெல்லாம் ‘நீள்கூந்தல் நாயகி’ என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்களே, அது நான்தான். அந்தக் கூந்தலில் என் சொந்த முடி நாலு விரற்கடை. (மிச்சம் சவுரி. யாருடைய முடியோ, கடையில் விசாரிக்கவில்லை.) விஷக்காய்ச்சலில் முடி கொட்டியதை நாடகக் கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் கதாநாயகி வேஷம் மறுநாளே வேறொருத்திக்குப் போயிருக்கும்.

அப்போது மதுரையை அடுத்த பரவைப் பக்கப் பொட்டலில் ஒரு விமானம் வந்து, ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தது.

“ஆத்தா, நீ மேல போயி நம்ம நோட்டீசை வீசு. ஊரே அண்ணாந்து பாக்கும்” என்றார் எங்கள் முதலாளி.

மேடையில் கயிறு கட்டி இழுக்கும் புஷ்பக விமானத்தில் எத்தனையோ முறை பறந்தவள் நான். அலட்சியமாகத் தலையாட்டினேன். மேடை ஏறுவதுபோலத் தரையைத் தொட்டுக் கும்பிட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். வெள்ளைக்கார விமானி தோல் குல்லாய் ஒன்றை நீட்டினார். வேண்டாமென்று கையசைத்தேன். அதைப் போட்டால் சடை எப்படித் தெரியும்?

மேலே போனதும் பாட்டெடுத்தேன். காற்று வாயை அடைத்தது. சும்மா கீழே பார்த்தேன். அழகர்மலை தெரிந்தது, கோபுரங்கள் கைக்குள் அடங்கின. எனக்கு விசிலடித்த தெருவும், நாடகக்காரி என்று வீடு தர மறுத்த தெருவும் அங்கிருந்து ஒரே அளவுதான். இம்புட்டூண்டு ஊருக்குப் பயந்தா தினமும் தலைவலியோடு சவுரி சுமக்கிறேன் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

திரும்பி வந்து பொட்டலுக்கு மேலே நோட்டீசை வீச எழுந்தேன். நோட்டீசோடு சடையும் போனது.

இறங்கியபோது யாரும் என்னைக் கவனிக்கவில்லை. கூட்டம் எங்கள் ஆர்மோனியக்காரர் மாயாண்டியைச் சுற்றி நின்றது. அவர் புழுதியில் உட்கார்ந்து, சடையை மடியில் போட்டு அழுதுகொண்டிருந்தார். (நான் விழுந்துவிட்டேன், முடி முந்திக்கொண்டது என்பது அவர் நினைப்பு.) அதுவரை என்னிடம் சுருதி தவிர வேறெதுவும் பேசாத மனிதர்.

“நான் இங்கனதான் நிக்கிறேன்” என்றேன்.

என் தலையைப் பார்த்தார். மடியைப் பார்த்தார். “முடி போனா போகுது. ஆளு இருக்கீகள்ல, அது போதும்.”

“இனி நாடகத்துக்கு எவன் வருவான்?” என்று முதலாளி தலையில் கைவைத்தார். ஆனால் அன்று கொட்டகை நிரம்பி வழிந்தது, வானத்துக்குப் போய்வந்த மொட்டையைப் பார்க்க. வேஷம் கைவிட்டுப் போகவில்லை. சவுரியை நான் மறுபடி தொடவில்லை.

அடுத்த தையில் மாயாண்டி எனக்குத் தாலி கட்டினார். இன்றும் வீட்டில் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தால் மகள் குறுக்கே வருவாள். “அப்பா மொதமொதல்ல மடியில வச்சு அழுதது சவுரியைத்தான், ஒன்னைய இல்ல.”

அவர் மறுப்பதில்லை. ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டே சொல்வார்:

“அது எதுத்துப் பேசாது தாயி.”