திறக்கக் கூடாத டிரம்

கெட்ட காலம் வரப்போகிறது என்று சொல்லுங்கள், மறுபேச்சில்லாமல் நம்புவார்கள். நல்ல காலம் வரப்போகிறது என்று சொன்னால்தான் ஆதாரம் கேட்பார்கள். மனிதர்களின் இந்த மகத்தான குணத்தையே முதலாகப் போட்டுத் தொழில் தொடங்கியவர் டிரம் சாமி.

சாமியாவதற்கு முன் அவர் முடி வளரும் தைலம் விற்றார். அவருடைய தலையைப் பார்த்தவர்கள் வாங்காமல் போய்விட்டார்கள். அதிலிருந்து அவர் கற்ற பாடம், வாங்கியவன் சோதித்துப் பார்க்க முடியாத சரக்கைத்தான் விற்க வேண்டும் என்பது.

அந்த நேரத்தில் ஊரும் பயந்துபோய்த்தான் கிடந்தது. விலைவாசி ஏறிக்கொண்டே இருந்தது. பிஸ்கட் ஃபேக்டரியை மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. பயந்த ஜனங்கள் முதலில் உருப்படியான காரியத்தைத்தான் செய்தார்கள். மொட்டை மாடியில் உடைந்த வாளிகளில் தக்காளி போட்டார்கள். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்தார்கள். ஒரு வீட்டில் சோப்புக்கூடக் காய்ச்சினார்கள். அதைப் போட்டுக் குளித்தவர்களுக்குச் சொறி வந்தது. ஆனாலும் யார் கையையும் எதிர்பார்க்காத சொந்தச் சொறி.

இப்படி நாலு பேர் தங்கள் காலில் நிற்கக் கிளம்பினால் சும்மா விடுவார்களா? பழைய கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து வெள்ளையடித்து, வாசலில் 'தற்சார்பு நிலையம்' என்று பலகை மாட்டி, சாமி உள்ளே உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்ன வழி சுலபமானது. ஒரு பிளாஸ்டிக் டிரம் நிறைய அரிசி, பருப்பு போட்டுக் கொண்டுவர வேண்டும். நிலையத்தின் உள்ளறையில் மூன்று நாள் வைத்துச் சாமி அதற்குக் காப்பு ஏற்றுவார். மூடியைக் கம்பியால் கட்டி, அரக்கு வைத்துத் திருப்பித் தருவார். வீட்டில் ஒரு மூலையில் வைத்துவிட்டால் போதும். கெட்ட காலம் பிறந்ததும் சாமி அறிவிப்பார். அன்றைக்குத் திறந்தால் அள்ள அள்ளக் குறையாது. அதற்கு முன்னால், சந்தேகப்பட்டு யாராவது திறந்தால் அத்தனையும் மணலாகிவிடும்.

எப்படி ஏற்பாடு? சரியாக இருக்கிறதா என்று பார்த்தால் சரியாக இருக்காது. பார்க்காதவரை சரியாக இருக்கும்.

வரிசை கிடங்கு வாசலைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, மீன் கடைவரை நீண்டது. வரிசையின் முன்னால் பேங்க் மேனேஜர் நின்றார். படித்தவர் என்பதால் மற்றவர்களுக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பும் அவருடையது.

"இதுல மூடநம்பிக்கையே இல்லைங்க. சுத்தமான சயின்ஸ். அரிசிக்குள்ள அணு இருக்கு. அணுவுக்குள்ள அதிர்வு இருக்கு. நீங்க சந்தேகப்பட்டா உங்க அதிர்வு போய் அந்த அதிர்வைக் கெடுத்துடும்."

"அப்படியா சார்!" என்றார் அவருக்குப் பின்னால் நின்ற ஃபிட்டர். பிஸ்கட் ஃபேக்டரியில் இருபது வருஷமாக மெஷின் பார்க்கிறவர். ஃபேக்டரியில் ஒரு நட்டு லூசாக இருந்தால்கூட கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார். அந்தப் பழக்கத்தை மட்டும் ஃபேக்டரி கேட்டிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்.

மூன்று நாள் கழித்து டிரம்மை எடுத்துவரப் போனவர் திணறிப்போனார். கொண்டுபோகும்போது தள்ளுவண்டியில் ஒற்றை ஆளாக ஏற்றியது. இப்போது இரண்டு பேர் பிடித்தாலும் அசையவில்லை.

"சாமி, கனம் கூடிப்போச்சே?"

"காப்பு ஏறினா கனம் ஏறாதா?" என்றார் சாமி, கண்ணை மூடியபடி.

ஃபிட்டருக்குப் புல்லரித்தது. முதுகு பிடித்துக்கொண்டதும் அப்போதுதான். அவர் மனைவி வீட்டிலேயே மெஷின் போட்டுத் துணி தைப்பவள். முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"ஏங்க, அரிசியை வெச்சா அரிசி கனம்தானே இருக்கணும்?"

"வாயைக் கழுவு! சந்தேகப்படாதே!"

"சந்தேகப்படலைங்க. கேள்விதான் கேட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்!"

சொன்னதோடு நிற்கவில்லை. வீட்டில் டிரம் இருக்கும்போது மாடியில் செடி வைத்திருப்பதே அவநம்பிக்கை என்று சாமி உபதேசம் செய்திருந்தார். அதனால் மனைவி வளர்த்த தக்காளியையும் அவரையையும் ஃபிட்டர் வேரோடு பிடுங்கி எறிந்தார். காய் பிடித்திருந்த செடிகள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஊர் முழுக்க மாடிகள் மொட்டையாயின. தன் காலில் நிற்கக் கிளம்பிய ஊர், ஒற்றை ஆளின் காலில் விழுந்து கிடந்தது. இதற்குப் பெயர் தற்சார்பு.

ஒருநாள் பால்காரர் தன் டிரம்மைத் திறந்துவிட்டார். வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது, ஒரு படி எடுத்துக்கொண்டு மூடிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். உள்ளே அடிவரை ஆற்று மணல்.

தலையில் கைவைத்துக்கொண்டு நிலையத்துக்கு ஓடினார். சாமி கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "நீ சந்தேகப்பட்டியா, இல்லையா? உள்ளதைச் சொல்லு" என்று ஒரு அதட்டல் போட்டார். கூட்டம் மொத்தமும் முறைத்தது. பாவம், மனுஷன் நடுங்கிப்போய், "பட்டேன் சாமி" என்றார். அவ்வளவுதான். சாமி சொன்னது அப்படியே பலித்துவிட்டதே! மறுநாள் வரிசை மீன் கடையையும் தாண்டிப் போனது. சாமியின் மச்சான் பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்த அரிசிக் கடையிலும் கூட்டம் அலைமோதியது. வீட்டு அரிசி டிரம்முக்குள் கிடக்கும்போது தின்பதற்கு வேறு அரிசி வாங்கத்தானே வேண்டும்?

ஊரில் எல்லாரும் பால்காரரைச் சந்தேகப் பிராணி என்று ஒதுக்கிவிட்டார்கள். ஃபிட்டரின் மனைவியான தையல்காரி மட்டும் பால் வாங்கும்போது பேச்சுக் கொடுத்தாள்.

"நிஜமாவே சந்தேகப்பட்டீங்களாண்ணே?"

"பட்டேம்மா. அதைத்தான் ஒத்துக்கிட்டேனே."

"எப்ப பட்டீங்க?"

பால்காரர் யோசித்தார். அந்த ஊரில் ஒருவர் யோசித்துப் பல மாதமாகியிருந்தது.

"திறந்து... மணலைப் பார்த்ததுக்கு அப்புறம்தான்மா."

அந்த வாரமே பிஸ்கட் ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். கேட்டில் பூட்டு. சம்பளம் கிடையாது. விலைவாசியில் யாரும் புதுத்துணி தைக்கக் கொடுப்பதில்லை என்பதால் தையல் மெஷினும் தூங்கியது. அடுப்படியில் தையல்காரி அரிசி டப்பாவைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். மாடியிலோ ஒரு காய் இல்லை. அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகளும் ஒரு தட்டுக் கஞ்சியை வைத்துக்கொண்டு 'நீ குடி, எனக்குப் பசிக்கலை' என்று ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூடத்து மூலையில் அந்த நீல டிரம் நிறைந்த வயிற்றோடு நின்றது.

"திறங்களேன்" என்றாள்.

"சாமி இன்னும் அறிவிக்கலை."

"பிள்ளைங்க வயித்துக்கு அறிவிப்பு வந்தாச்சு."

"திறந்து மணலாயிட்டா? இருக்கறதும் போயிடும்டி!" ஃபிட்டரின் குரல் உடைந்தது. அவருக்குப் பிள்ளைகள்மேல் பாசம் இல்லாமல் இல்லை. அந்தப் பாசத்தின்மேல்தான் சாமி அரக்கு வைத்திருந்தார்.

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் கத்தி ஆகப்போவதென்ன? கத்தினால் அதுவும் சந்தேகம் என்பார். கொஞ்ச நேரம் டிரம்மையே பார்த்துக்கொண்டு நின்றவள், முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு சொன்னாள்.

"சரிங்க. நீங்களும் திறக்க வேண்டாம், நானும் திறக்க வேண்டாம். சாமிகிட்டயே கொண்டுபோவோம். அவர் கையாலேயே திறந்து ஒரு படி கொடுக்கட்டும்."

இதில் குற்றம் கண்டுபிடிக்க ஃபிட்டரால் முடியவில்லை. மனைவிக்கு நல்ல புத்தி வந்துவிட்டதே என்று சந்தோஷமாக அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு டிரம்மைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்.

நிலையத்தில் அன்று உபதேச நாள். கிடங்கு நிறைய ஜனம். டிரம்மை மேடைக்கு முன்னால் உருட்டி நிறுத்தியதும் தையல்காரி கையைக் கூப்பினாள்.

"சாமி, மனசுல ஒரு பயம். கேட்கலாமா?"

"கேளும்மா."

"நம்பிக்கை உள்ளவங்க திறந்தா உள்ள அரிசிதானே இருக்கும்?"

"அரிசியேதான். அதுல என்ன பயம்?"

"இல்ல சாமி, வீட்டுல குழந்தைங்க இருக்கு, அக்கம்பக்கம் இருக்கு. பக்கத்துல யாராவது சந்தேகப்பட்டு நின்னுட்டா?"

கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டது. எல்லார் வீட்டிலும் அந்தப் பயம் இருந்தது. மனைவியைச் சந்தேகப்பட்ட கணவர்கள் உண்டு, மாமியாரைச் சந்தேகப்பட்ட மருமகள்கள் உண்டு, எல்லாம் டிரம் விஷயமாகத்தான். இந்த நேரத்தில் தைரியம் சொன்னால்தான் அடுத்த டிரம் வரும் என்பது சாமிக்குத் தெரியாதா?

"நம்பறவன் கை மூடியில பட்டா போதும்! சுத்தி ஆயிரம் பேர் சந்தேகப்பட்டாலும் ஒரு மணி அரிசிகூட மாறாது!"

கைதட்டல் பறந்தது. அது ஓயும்வரை அவள் காத்திருந்தாள்.

"ரொம்ப நிம்மதி சாமி. இந்த ஊர்லயே உங்களைவிட நம்பிக்கை உள்ளவங்க யாரு? நீங்களே திறங்க."

சாமி முதல்தடவையாக இரண்டு கண்ணையும் முழுசாகத் திறந்தார்.

"காலம் இன்னும் வரலைம்மா."

"யாருக்கு வரலை சாமி? எங்க வீட்டுக்கு வந்தாச்சு."

"காலத்துக்கு முன்னாடி திறந்தா..."

"சந்தேகப்பட்டுத் திறந்தாத்தானே மணலாகும்? உங்களுக்கு ஏது சந்தேகம்?"

சாமி பக்கத்தில் நின்ற தன் சிஷ்யனைப் பார்த்தார். சிஷ்யன் கூரையைப் பார்த்தான். பிறகு, "இது பாதி காப்பு டிரம். உள்ள ஒண்ணு முழுக் காப்போட இருக்கு, அதை எடுத்துட்டு வரேன்" என்று நழுவப் பார்த்தான்.

"வேண்டாம் தம்பி. நாங்க நிரப்பினது இதுதான்" என்றாள்.

"எனக்குக் கையில சுளுக்கு" என்றார் சாமி.

அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. சாமிக்கு எதிராக முதலில் எழுந்தவர் சந்தேகப்பட்டவர் இல்லை, நம்பியவர். ஃபிட்டர் மேடைக்கே ஏறிவிட்டார். கண்ணில் தண்ணீர்.

"திறங்க சாமி! இவ வாயை அடைங்க! உங்களுக்காகப் பொண்டாட்டியையே எதிர்த்துப் பேசினவன் நான். உங்க கை பட்டா அரிசிதான்னு எனக்குத் தெரியும். திறங்க!"

"திறங்க சாமி! திறங்க!" என்று கூட்டமும் சேர்ந்துகொண்டது. அத்தனையும் பக்திதான். சாமியின் கையைப் பக்தியோடு பிடித்து, பக்தியோடு டிரம் அருகே இழுத்து வந்து, பக்தியோடு மூடியில் வைத்து அழுத்தினார்கள். கம்பி அறுந்தது. அரக்கு உடைந்தது. மூடி விலகியது.

ஆற்று மணல். ஒன்றிரண்டு கிளிஞ்சல்கூடக் கிடந்தது.

ஜனங்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் பேங்க் மேனேஜர்தான் தழுதழுத்த குரலில் கேட்டார்.

"சாமி... உங்களுக்குமா உங்க மேல சந்தேகம்?"

பின்வரிசையில் பால்காரர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு ஒவ்வொருவரையும் தொற்றிக்கொண்டது. சிரிப்பு முடிந்த இடத்தில் கோபம் ஆரம்பித்தது. உள்ளறைக் கதவை உடைத்துப் பார்த்தால், ஒரு பக்கம் மணல் குவியல், இன்னொரு பக்கம் மச்சான் கடைப் பெயர் அச்சடித்த சாக்குகளில் அரிசி. தன் அரிசியைக் கொடுத்துவிட்டு அதே அரிசியைக் காசு கொடுத்து வாங்கித் தின்ற ஊர், தன் பெருமையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றது. சாமி பின்பக்கமாக ஓடினார். சுளுக்கிய கையால் சுவரைப் பிடித்து ஏறியவரை ஜனங்கள் காலைப் பிடித்து இறக்கினார்கள். இந்த முறை காலைப் பிடித்தது கும்பிட அல்ல. போலீஸ் வரும்வரை மணல் குவியல்மேலேயே உட்கார வைத்திருந்தார்கள்.

மீதியிருந்த அரிசியை வீட்டுக்கு இவ்வளவு என்று பகிர்ந்துகொண்டார்கள். போனது போக வந்தது கொஞ்சம்தான். அன்று மத்தியானம் ஃபிட்டர் வீட்டில் இரண்டு பெண்களும் பொய் சொல்லாமல் சாப்பிட்டார்கள். ஃபிட்டர் தலையைக் குனிந்தபடி மண் சுமந்து மாடியில் வாளிகளை நிரப்பினார்.

"அந்த டிரம் மணலையும் கலந்து போடுங்க. வேர் நல்லா ஓடும்" என்றாள் மனைவி.

சாயங்காலம் வாசலில் யாரோ தள்ளுவண்டியோடு நிற்பது தெரிந்தது. பேங்க் மேனேஜர். வண்டியில் அரக்கு கலையாத அவருடைய டிரம். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து டிரம்கள். வரிசை உருவாகிக்கொண்டிருந்தது.

"அம்மா," என்று பணிவாகக் கையைக் கூப்பினார் மேனேஜர். "அவன் ஃப்ராடுன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா உங்க கிட்ட ஏதோ சக்தி இருக்கு. உங்க கையால என் டிரம்மைத் திறந்தா அரிசி இருக்கும்னு ஜனங்க பேசிக்கிறாங்க..."

தையல்காரி உள்ளே போய்க் கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"உங்க டிரம், உங்க கை. நீங்களே திறந்து பாருங்க சார். அப்படியே, கழுத்துக்கு மேல ஒண்ணு ரொம்ப நாளா சீல் வெச்சே இருக்கே, அதையும் திறந்துடுங்க. உள்ள மணல்தான்னு எனக்கு நிச்சயமா தெரியாது. பார்த்தாத்தானே தெரியும்?"