இங்கிலீஷில் போயிட்டு வாரேன்

என் வீட்டுக்காரர் வைரவன் காரைக்குடியில் ஒரு செட்டியார் கடையில் கணக்குப்பிள்ளை. ஒருநாள் சோற்றில் கைவைத்தபடியே சபதம் செய்தார், இங்கிலீஷ் படித்து ரங்கூன் கடைக்கு மேலாளாகப் போகப்போகிறாராம்.

போனால் மூன்று வருஷம். பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிப்போகிற வழக்கமில்லை. எதிர்வீட்டுப் பிச்சையம்மாள் மகள், ரங்கூனிலிருந்து திரும்பிய அப்பனைப் பார்த்து "யாரோ வந்திருக்காக" என்று கதவைச் சாத்திவிட்டாள். என் மகனுக்கு இப்போதுதான் தலை நின்றிருக்கிறது. எனக்கோ ராத்திரியில் பல்லி கத்தினாலே உயிர் போய் வரும்.

வாத்தியார் யார்? மதுரை கான்வென்டில் படித்த நான்தான். புருஷன் தன்னை விட்டுப்போகத் தானே பாடம் நடத்திய பெண்டாட்டி என்னைத் தவிர யாரும் இருக்கமாட்டாள்.

வினைச்சொல்லில் தொடங்கினேன். கைகால் அசைத்துச் செய்வது ஒரு ரகம்: ஈட், ரன். அசையாமல் மனசுக்குள்ளேயே கிடப்பது இன்னொரு ரகம்: லவ், வான்ட். அது கடைக்கு உதவாது என்று தள்ளிவிட்டார். அடுத்தது துணைவினை: வில், டிட். தானாக ஒரு வேலையும் செய்யாது, ஆனால் முன்னால் நின்று காலத்தை அதுதான் சொல்லும், பெரிய வினை பேசாமல் பின்னால் வரும் என்றேன்.

"நம்ம வீடு மாதிரின்னு சொல்லு" என்றார்.

"ஸ்டே படிக்கிறீகளா? இருக்கிறதுன்னு அர்த்தம்."

"ரங்கூனுக்கு அது எதுக்கு? கோ சொல்லிக்குடு."

சொல்லிக்கொடுத்தேன். "ஆனா பிள்ளை இருக்கிற வீட்ல வெறும் போறேன்னு சொல்லலாமா? எந்தப் பாஷையா இருந்தா என்ன? கோவுக்குப் பின்னால கம் சேத்துக்கிருங்க."

அன்றிலிருந்து கிணற்றடியில்கூட "ஐ கோ அண்ட் கம்"தான்.

முதலாளி கேட்டுப் பூரித்து, ரங்கூன் மேலாள் நீதான் என்றார். பயணத்துக்கு நாளும் பார்த்தாயிற்று. கப்பலேறுகிறவர்கள் புறப்படுகிற அன்று முதலாளியின் சம்சாரம் ஆச்சியிடம் சொல்லிக்கொண்டு போக வேண்டும். ஆச்சியின் மூத்த மகன் இங்கிலீஷில் 'கோயிங்' என்று மிடுக்காகச் சொல்லிவிட்டுச் சீமைக்குப் போனவன். இன்னும் வரவில்லை. வாசலில் சத்தம் கேட்டால் ஆச்சி இன்றைக்கும் எழுந்து பார்ப்பார்.

"ஆச்சிக்கிட்ட இங்கிலீஷிலயே சொல்லிக்கிருங்க" என்றேன் என் வீட்டுக்காரரிடம். "சந்தோசப்படுவாக."

சொல்லியிருக்கிறார். என்ன அர்த்தமென்று ஆச்சி கேட்க, போயிட்டு வாரேன் என்பதுதான் என்றிருக்கிறார். ஆச்சி வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்தாராம். பிறகு முதலாளி பக்கம் திரும்பினாராம்.

"ரங்கூனுக்கு வேற ஆளை அனுப்புங்க. கப்பலேறுற நம்ம ஆளுகளுக்கெல்லாம் இவன் இங்குட்டே இருந்து இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கட்டும். இவனாச்சும் வாரதையும் சேத்துச் சொல்லிக்குடுப்பான்."

முதலாளி சரியென்று தலையாட்டினாராம். அந்த வீட்டிலும் துணைவினைதான் முன்னால் நிற்கும்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் தகரப்பெட்டியோடு திரும்பி வந்தார். மகன் என் இடுப்பிலிருந்து தாவி அவர் மீசையைப் பிடித்துக்கொண்டான். மீசையை விடுவிக்காமலே என்னை உற்றுப் பார்த்தார்.

"மீனாம்பிகை, நாளைக்கே பாடம் ஆரம்பிக்கணுமாம்" என்றார். "அந்த ஸ்டேயை ஒருக்கா சொல்லிக்குடு."